பேஸும் ட்ரெபிளும்: குமிழைத் திருகும் முன்

விலை கூடிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் பேஸ், ட்ரெபிள் குமிழ்களே இருக்காது. பதிவில் உள்ளதை உள்ளபடி கேட்க வேண்டும், நடுவில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அந்தக் கட்சியின் கொள்கை. குமிழ் உள்ள ஆம்ப்ளிஃபயர்களிலும் 'டைரக்ட்' என்று ஒரு பொத்தான் இருப்பதுண்டு; அதை அழுத்தினால் இரண்டு குமிழும் செயலிழந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து விற்கும் 5.1 பெட்டி இதற்கு நேரெதிர். முகப்பில் பேஸ், ட்ரெபிள், சென்டர், சரவுண்ட், சப்-வூஃபர் என்று வரிசையாகக் குமிழ்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே பேஸும் சப்-வூஃபரும் வலது கோடிக்குப் போய்விடும். அடுத்த வாரம் 'டொம் டொம்னு அடிக்குது, பேசறது ஒண்ணும் புரியல' என்ற புகார் வரும். அதற்கு மருந்தாக ட்ரெபிளும் வலது கோடிக்குப் போகும்.

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. குமிழ் தேவைதான். ஆனால் அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டுகிறோம். அதனால் முடிகிற வேலையை அதனிடம் கேட்பதே இல்லை.

வால்வு ரேடியோக் காலத்தில் 'டோன்' என்று ஒரே குமிழ்தான். ட்ரெபிளைக் குறைக்க மட்டுமே அதற்குத் தெரியும். மீடியம் வேவ் இரைச்சலை அமுக்குவதற்காக வைத்தது. பேஸையும் ட்ரெபிளையும் தனித்தனியாக ஏற்றி இறக்க வழிசெய்த புகழ்பெற்ற சர்க்யூட்டை இங்கிலாந்துப் பொறியாளர் பீட்டர் பேக்ஸண்டால் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். குமிழ் நடுவில் நின்றால் ஒலி வந்தபடியே போகும். அங்கிருந்து இடமும் வலமும் சீராக இறங்கும், ஏறும். இன்று நம்மூர் டோன் போர்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

இந்தச் சர்க்யூட்டின் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பேஸ் குமிழ் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழு வீச்சில் வேலை செய்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதன் கை மெல்ல மெல்லச் சரிந்தபடி 300, 400 ஹெர்ட்ஸ் வரை நீளும். ட்ரெபிள் குமிழும் 10,000 ஹெர்ட்ஸில் உச்சத்தைத் தொட்டாலும் 2,000 பக்கத்திலேயே தொடங்கிவிடும். வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று பேஸை ஏற்றுகிறவருக்கு வேண்டியது 40 ஹெர்ட்ஸ். கூடவே கேட்காமல் ஏறுவது 200 ஹெர்ட்ஸ். கதாநாயகன் பானைக்குள் தலையைவிட்டுப் பேசுவதுபோல் ஆவது அதனால்தான்.

இன்னொன்று மின்திறன். 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 20 வாட் போதுமாக இருந்த இடத்தில் 200 வாட். பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். உள்ளே இருக்கும் 4440 ஐ.சி. இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து முக்கி முக்கித் தருவது 19 வாட். அதற்குமேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாக உயர் அதிர்வெண்கள் பிறந்து, ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போய்ச் சேரும். சப்-வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத வீடுகளில் பேஸை முழுக்க ஏற்றியவர் கடைசியில் கருகிய ட்வீட்டரோடு மெக்கானிக்கிடம் நிற்பது இதனால்தான்.

பேஸைக் கூட்ட நினைப்பவர் ரசனை கெட்டவர் என்று ஒலிப் பிரியர்கள் ஏளனம் செய்வதுண்டு. அது அநியாயம். காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் ஒலியின் அளவைக் குறைக்கும்போது காதுக்கு எது முதலில் மங்குகிறது என்று அளந்து வரைகோடுகளாக வெளியிட்டார்கள். முதலில் மங்குவது பேஸ். பின்னர் பலர் திரும்ப அளந்து, ஐ.எஸ்.ஓ. 226 என்ற தரமாக 2003-இல் திருத்தி வெளியிட்ட கணக்குப்படி, 40 டெசிபலில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஈடாக 100 ஹெர்ட்ஸ் சுரம் காதில் விழ வேண்டுமானால் அது சுமார் 64 டெசிபலில் ஒலிக்க வேண்டும். சத்தம் கூடக் கூட இந்த இடைவெளி சுருங்கும்.

திரைப்பட ஒலிக்கலவை நடக்கும் அரங்கின் அளவுகோல் பெரிது. முன் சேனல் ஒவ்வொன்றிலும் உச்சம் 105 டெசிபல் வரையிலும், பேஸுக்கென ஒதுக்கிய '.1' சேனலில் 115 வரையிலும் போக அங்கே இடம் உண்டு. அந்தப் படத்தை இரவு பத்து மணிக்கு, குழந்தை தூங்கும் வீட்டில், 25 அல்லது 30 டெசிபல் குறைத்துப் பார்க்கிறோம். வசனம் கேட்கும், இசையின் அடித்தளம் காணாமல் போயிருக்கும். அப்போது பேஸை நாலைந்து டெசிபல் ஏற்றுவது கலவை செய்தவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அவர் கேட்டதை நாமும் கேட்க அதுதான் வழி. பழைய டூ-இன்-ஒன்களில் இருந்த 'லவுட்னெஸ்' பொத்தான் செய்ததும் இதையே. இன்றைய ரிசீவர்களில் ஆடிஸி நிறுவனத்தின் டைனமிக் ஈக்யூ வால்யூமைப் பார்த்துத் தானாகவே பேஸை ஏற்றி இறக்கும். டெனான் ரிசீவரில் அது ஓடும்போது டோன் கன்ட்ரோல் வேலை செய்யாதபடி பூட்டியே வைத்திருக்கிறார்கள். 'ரிப்பேரோ' என்று பயப்பட வேண்டாம்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது: வால்யூம் இறங்கினால் பேஸ் ஏறலாம், வால்யூம் ஏறினால் பேஸ் இறங்க வேண்டும். வீடுகளில் நடப்பது தலைகீழ். விருந்தாளி வந்த அன்று சத்தமாக வைத்து பேஸையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் அதைத் தொடுவதே இல்லை.

இனி அறை. குமிழால் ஆகவே ஆகாத வேலை இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றிய அமெரிக்கக் கையேடுகள் அந்த ஊர் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர், தரை முழுக்கக் கம்பளம். ஜிப்சம் சுவர் பேஸுக்குத் தானும் சேர்ந்து அதிர்ந்து அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே பளபளக்கும் டைல்ஸ். சுவரும் தளமும் பேஸை அநேகமாக முழுதாகத் திருப்பி அனுப்பும். டைல்ஸ் ட்ரெபிளைத் திருப்பி அனுப்பும். அங்கே எழுதியிருப்பதை இங்கே அப்படியே வைத்தால் சரிவராது.

நம்மூரில் சாதாரணமாகக் காணும் 15-க்கு 12 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். உயரம் 10 அடி. ஒலி இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு நடுவே முட்டித் திரும்பும்போது, அறையின் நீளம் அரை அலைக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலையலை உண்டாகும். 15 அடிக்கு அது ஏறக்குறைய 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 57. மூன்றும் தள்ளித் தள்ளி விழுவதால் இந்த ஹால் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். 10-க்கு 10 அறையில் 10 அடி உயரத்தில் கூரை இருந்தால் மூன்றும் 57 ஹெர்ட்ஸிலேயே விழும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த ஒரே சுரம் உறுமும். பேஸ் கிட்டாரில் மற்ற சுரங்கள் வந்த இடம் தெரியாது. அந்த அறைக்கு பேஸ் குமிழ் என்ன செய்ய முடியும்? 57 ஹெர்ட்ஸைத் தனியே பிடித்து இறக்க அதற்குக் கை கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும், அல்லது சேர்த்து ஏற்றும்.

நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சம். முதல் நிலையலைக்கு அறையின் நட்டநடுவில் அநேகமாகப் பூஜ்யம். நாம் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித்தான் போடுவோம். அங்கே உட்கார்ந்தவருக்கு பேஸ் குழம்பும். நடு ஹாலில் நாற்காலி போட்டவருக்கு அதே நேரம் பேஸே வராது. அவர் எழுந்துபோய்க் குமிழை ஏற்றுவார். சோபாக்காரர் தலையைப் பிடித்துக்கொள்வார். நடுவில் உள்ள குழியை எத்தனை டெசிபல் போட்டாலும் நிரப்ப முடியாது, ஏனென்றால் போகிற அலையும் திரும்புகிற அலையும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை.

சப்-வூஃபருக்கு வீட்டார் ஒதுக்கும் இடம் பெரும்பாலும் மூலை, பூஜாடிக்குப் பக்கத்தில். மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும்; கோட்பாட்டளவில் ஒவ்வொரு பரப்பும் 6 டெசிபல் வரை. குமிழை நடுவில் வைத்தும் இரைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூலையை. இடம் தேடுவதற்கு ஒலிப் பொறியாளர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. சப்-வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாக மெல்ல நகர்ந்து, சப்-வூஃபர் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்குக் குனிந்து கேளுங்கள். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் வீங்கும். ஓரடி தள்ளினால் இன்னொரு சுரம் அமுங்கும். எங்கோ ஓரிடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே கனத்தில் வரும். சப்-வூஃபரின் இடம் அதுதான். வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பிறகு பின்பக்கத்தில் 0, 180 என்றிருக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் போட்டு, எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விடுங்கள்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 50 ஹெர்ட்ஸின் கால் அலை நீளமே சுமார் 1.7 மீட்டர். இரண்டு அங்குல அட்டை அதை என்ன செய்யும்? அது ஒன்றிரண்டு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் கலைக்கும், அவ்வளவே. மெல்லிய திரைச்சீலையும் அப்படித்தான்: ட்ரெபிளை மட்டும் குடிக்கும், பேஸ் அதற்குள் புகுந்து போய்விடும். சுவர் முழுக்கத் திரை போட்ட அறை மந்தமாகவும் உறுமலாகவும் ஒலிப்பதன் காரணம் இது. டைல்ஸ் தரையில், ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமக்காளம் ஒன்று போதும், கூர்மை தணியும். இரும்பு பீரோவும் ஷோகேஸ் கண்ணாடியும் பேஸுக்குக் கூடவே கடகடக்கும். அதை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

வசனம் புரியவில்லை என்பதுதான் வீடுகளில் மிகப் பெரிய புகார். உயிரெழுத்தின் கனம் கீழே இருக்கிறது. க, ச, த, ப என்று ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஆகவே ட்ரெபிளைக் கூட்டினால் தெளிவு வரும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் 1924-இலேயே வீகல், லேன் என்ற இருவர் பெல் நிறுவனத்தில் அளந்து காட்டிய உண்மை ஒன்றுண்டு: கீழ்ச்சுரம் மேல்சுரத்தை எளிதில் மறைக்கும், மேல்சுரம் கீழ்ச்சுரத்தை அவ்வளவாக மறைக்காது. மெய்யெழுத்தை விழுங்குவது நாம் ஏற்றிவைத்த பேஸ். எனவே ட்ரெபிளைத் தொடும் முன் பேஸை 3 டெசிபல் இறக்கிக் கேளுங்கள்.

அதோடு 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் சென்டர் சேனலில்தான் வருகிறது. சென்டர் அளவை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றினால் பின்னணி இசை அப்படியே இருக்க, குரல் முன்னே வரும். ட்ரெபிளை ஏற்றினால் குரலோடு பின்னணியிலுள்ள சலசலப்பெல்லாம் ஏறும். ஸ, ஷ இரண்டும் காதைக் குத்தும். சென்டர் ஸ்பீக்கர் டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்துவையுங்கள். ட்வீட்டர் ஒலி நேர்கோட்டில் போகிற ஒலி. காதைப் பார்க்காத ட்வீட்டருக்கு ஈடாகக் குமிழைத் திருகுவது வீண். கைக்கடக்கமான சின்ன ஸ்பீக்கர்கள் உள்ள செட்டுகளில் 150, 200 ஹெர்ட்ஸ் வரை சப்-வூஃபரே சுமக்கும். ஆண்குரலின் அடிச்சுரமே 100-க்குச் சற்று மேலே இருப்பதால், அவற்றில் சப்-வூஃபரை டி.வி.க்கு அருகிலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் திரையிலும் குரல் மூலையிலுமாக இருக்கும்.

வயதானவர்களுக்கு உயர் அதிர்வெண்கள்தான் முதலில் மங்கும். தாத்தா ட்ரெபிளைக் கூட்டச் சொல்வதும் பேரன் காதைப் பொத்திக்கொள்வதும் இரண்டுமே உண்மையான அனுபவம். அங்கே சமாதானம் சென்டர் குமிழில்தான் இருக்கிறது.

படத்துக்குப் படம் ட்ரெபிள் ஏன் மாறுகிறது என்பதற்கும் வரலாறு உண்டு. திரையரங்க ஒலியமைப்பை எக்ஸ்-கர்வ் என்ற வரைகோட்டுக்கு இசையச் சரிசெய்வார்கள். அதில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒவ்வொரு எண்மத்துக்கும் 3 டெசிபல் வீதம் ட்ரெபிள் இறங்கும். அந்த அரங்கில் கேட்டுக் கலவை செய்த படத்தை, இறக்கம் இல்லாத வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் கூர்மையாகக் கேட்கும். டி.எச்.எக்ஸ். சான்று பெற்ற ரிசீவர்களில் இதைத் தணிக்கவே தனி வசதி வைத்தார்கள். வீட்டுக்கென்று மறுகலவை செய்த பதிப்புகளுக்கு அது தேவைப்படாது. கறுப்பு-வெள்ளைக் காலத்து மோனோ ஒலித்தடங்கள் இன்னும் வேறு. 1938-இல் ஹாலிவுட் வகுத்த அகாடமி கர்வ் 5,000 ஹெர்ட்ஸில் 10 டெசிபலும் 8,000 ஹெர்ட்ஸில் 18 டெசிபலும் குறைத்துக் கொடுத்தது. அந்த இழப்பை எதிர்பார்த்து ஒலிப்பதிவிலேயே ட்ரெபிளை முன்கூட்டி ஏற்றுவார்கள். அதை இன்று அப்படியே ஒலிக்கவிட்டால் கீச்சென்று, இரைச்சலோடு கேட்கும். பழைய படம் பார்க்கும்போது ட்ரெபிளை நாலைந்து டெசிபல் இறக்குவது அந்தக் காலத்து அரங்குக்கு நெருக்கமாக நம்மைக் கொண்டுபோகும். குமிழின் முறையான வேலைகளில் இதுவும் ஒன்று.

பதிவை உள்ளபடி கேட்பது என்ற தூய்மைவாதிகளின் வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃப்ளாய்ட் டூல் இதைக் குழப்பச் சுழல் என்றார். ஒலிப்பதிவாளர் ஒரு ஸ்பீக்கரில் கேட்டு அதற்கேற்பப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை வைத்து நாம் இன்னொரு ஸ்பீக்கரை எடைபோடுகிறோம். எது கூடுதல், எது குறை என்று சொல்ல நிலையான அளவுகோல் நடுவில் எங்கும் இல்லை. ஆகவே டோன் கன்ட்ரோல் இருக்க வேண்டும், தேவைப்படும்போது கூச்சமின்றி அதைத் தொட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஹார்மனில் ஷான் ஆலிவும் சகாக்களும் கேட்போரிடமே பேஸையும் ட்ரெபிளையும் ஒப்படைத்துச் செய்த சோதனைகளில், சராசரி விருப்பம் பேஸ் சற்றுத் தூக்கலாகவும் அங்கிருந்து ட்ரெபிள் வரை மெல்லச் சரிவதாகவும் அமைந்தது. கேட்டுப் பயின்றவர்களைவிடப் பயிலாதவர்கள் இரண்டையும் அதிகம் ஏற்றினார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிதாகவே இருந்தது.

ஆடிஸி, டிராக், யமஹாவின் ஒய்.பி.ஏ.ஓ. போன்ற தானியங்கி முறைகள் மைக் வைத்து அளந்து நிலையலை முகடுகளைத் தனித்தனியே வெட்டும். குமிழால் முடியாத அந்த வேலைக்கு அவை உண்மையிலேயே உதவும். மைக்கைச் சோபாவின் தலைசாயும் பகுதியில் படுக்கவைக்காமல், காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி அளக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் ரிசீவர் அழகாக அளந்து முடித்த பிறகும் பேஸ் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும்: பாட்டு வருகிற போனின் ஈக்வலைசரில் 'பேஸ் பூஸ்ட்', டி.வி.யின் ஒலி மெனுவில் 'மூவி' முறை, சப்-வூஃபரின் முதுகிலுள்ள குமிழ். நாலு இடத்தில் ஏற்றிவிட்டு ஐந்தாவது இடத்தில் குறை தேடுகிறோம். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் திருத்துங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் எல்லை. ஆனால் அந்த அளவீடு 'ஏ' எடையிட்டது. 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. மீட்டர் அடக்கமாக ஓர் எண்ணைக் காட்டும். கான்கிரீட் தளம் வழியே கீழ்வீட்டுக் கட்டில் வரை உறுமல் போய்க்கொண்டிருக்கும். இரவில் பேஸை ஏற்றலாம் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அடுக்குமாடிவாசிகள் சப்-வூஃபருக்கு அடியில் தடித்த ஃபோம் போட்டு, 'நைட்' முறையில் உச்சங்களைத் தட்டையாக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. கீழ்வீடு அப்போதும் புகார் சொன்னால் ஹெட்போன்.

எண் வேண்டும் என்பவர்களுக்கு: ஸ்பீக்கரையும் சோபாவையும் சரியாக வைத்த பின், சப்-வூஃபரும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் (ஸ்பீக்கர் சிறிதென்றால் அதன் கையேடு சொல்லும் அளவு), பேஸ் பூஜ்யம், ட்ரெபிள் பூஜ்யம். இப்படியே ஒரு வாரம் கேளுங்கள். அதன்பின், மேலே சொன்ன இரவு நேரமும் பழைய படமும் நீங்கலாக, பேஸில் 3 டெசிபல், ட்ரெபிளில் 2 டெசிபல் ஏற்றமோ இறக்கமோ போதாமல் போனால் கோளாறு குமிழில் இல்லை.

நம்மூர்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல பெட்டிகளில் பேஸ், ட்ரெபிள் குமிழுக்கு நடுப்புள்ளியே கிடையாது; முகப்பில் 'மின்', 'மேக்ஸ்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. அதைப் பார்க்கிறவர் வால்யூமைப் போல மேக்ஸ்தான் நல்லது என்று நினைப்பதில் என்ன தவறு? நடுவில் 'கிளிக்' என்று நிற்கும் பொட்டென்ஷியோமீட்டரைப் போடுங்கள். அந்த இடத்தில் 0 என்றும், இரு கோடியிலும் எத்தனை டெசிபல் என்றும் அச்சிடுங்கள். வாங்குகிறவர்களும் கடையில் வாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல் இதையும் கேட்க வேண்டும்.